உள்ளங்கை வெளிச்சம்

2004 மார்ச் 6. கும்பகோணத்தில் மகாமகம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் நாள். விடிவதற்கு முன்பே குளத்துப் படிகளில் கால் வைக்க இடமில்லை. கரையைச் சுற்றியுள்ள பதினாறு மண்டபங்களில் ஒன்றின் தூணோடு ஒட்டி நின்று நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கையில் இருந்தது பென்டாக்ஸ் கே1000. சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கேமரா. இரண்டு கல்யாணத்துக்கு எடுத்துவிட்டு, பழைய துண்டில் சுற்றி பீரோவில் வைத்திருந்தார். கெஞ்சிக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். எனக்கு அப்போது இருபது வயது.

ரோலில் 36 படம். ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டேதான் எடுத்தேன். ஈர வேட்டியோடு பேரனைத் தோளில் தூக்கி நின்ற தாத்தா, கண்ணை மூடி முங்கி எழுந்த மூன்று பெண்கள், வாளித் தண்ணீர் தலையில் விழும் நொடியில் ஒரு சிறுவன். 36 முடிந்தது. லீவரை இழுத்தேன், வந்தது. இன்னொரு படம் எடுத்தேன். மறுபடியும் வந்தது. ரோல் தீர்ந்தால் லீவர் பாதியில் இறுகி நின்றுவிடும் என்று சித்தப்பா சொல்லி அனுப்பியிருந்தார். என்னுடையது எந்தப் பிடிப்பும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. 39-வது தடவை இழுத்தபோது அடிவயிறு கனத்துவிட்டது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு, இரண்டு தெரு தள்ளி எனக்குத் தெரிந்த ஒரே ஸ்டுடியோவுக்கு ஓடினேன். பாஸ்போர்ட் படம் எடுக்கப் போய்ப் பழக்கம். ஸ்டுடியோக்காரர் கேமராவை வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அரை நிமிடத்தில் விளக்கைப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். பின்கதவு திறந்திருந்தது. ஃபிலிமின் நாக்கு, சுருளில் மாட்டாமல் நான் வைத்த இடத்திலேயே கிடந்தது. காலையிலிருந்து ஒரு அங்குலம்கூட நகரவில்லை. நான் எடுத்த 39 படமும் எங்குமே இல்லை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த மகாமகத்துக்குப் பன்னிரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும்.

"அழாதே தம்பி. ஃபிலிம் வீணாகலையே, அப்படியே புதுசா இருக்கு பாரு" என்றவர், என் கண்முன்னே அதை மாட்டிக் காட்டினார். நாக்கைச் சுருளின் பிளவுக்குள் நன்றாக நுழைத்தார். லீவரை மெல்ல இழுத்து, ஃபிலிமின் இரண்டு ஓரத் துளைகளும் பற்சக்கரத்தில் உட்கார்ந்தனவா என்று விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மூடினார். இடது பக்கத்துக் குமிழை ஃபிலிம் தொய்வில்லாமல் இறுகும்வரை மெதுவாகச் சுற்றினார். லீவரை இழுத்தார். "இங்க பாரு. இந்தக் குமிழ் தானா எதிர்ப்பக்கம் சுத்துதா? சுத்தினா உள்ள ஃபிலிம் ஓடுதுன்னு அர்த்தம். ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் இதைப் பாக்கணும். போ, இன்னும் வெயில் இருக்கு."

காசு வாங்கவில்லை. ஓடினேன். அன்று மதியம் வரை எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் குமிழ் சுற்றியது.

நான்கு நாள் கழித்து பிரிண்ட் வந்தது. 34 படம். அத்தனை முகமும் இருட்டு. வேட்டிகள் அழுக்குச் சாம்பலாக இருந்தன. தண்ணீரின் மினுமினுப்பு மட்டும் அழகாக வந்திருந்தது. குளித்துக் கரையேறியவர்களின் முகத்தில் மூக்கு எங்கே, கண் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. இத்தனைக்கும் வ்யூஃபைண்டரின் வலது ஓரத்தில் வெளிச்சத்தை அளந்து காட்டும் முள்ளை நான் ஒவ்வொரு படத்திலும் நட்டநடுவில் நிறுத்தியிருந்தேன். கேமரா கேட்டதையெல்லாம் செய்திருந்தேன்.

பிரிண்ட்டுகளை எடுத்துக்கொண்டு மறுபடி அந்த ஸ்டுடியோவுக்குப் போனேன். அன்றிலிருந்து ஒன்றரை ஆண்டு அவரிடம் போய்வந்தேன். எல்லோரும் கூப்பிடுவது போல அவரை நானும் 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டேன். அவர் சொல்லிக்கொடுத்ததில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: முள் சொல்வதை எப்போது கேட்கக் கூடாது என்பது.

அதற்கு முன் இந்தக் கேமராவைப் பற்றிக் கொஞ்சம்.

இது எஸ்.எல்.ஆர். என்ற ஒற்றை லென்ஸ் வகைக் கேமரா. அதன் உயிர் ஒரு சிறு கண்ணாடி. லென்ஸுக்குப் பின்னால் 45 டிகிரி சாய்ந்து நிற்கும் அந்தக் கண்ணாடி, உள்ளே வரும் ஒளியை மேலே அனுப்புகிறது. தலைப்பகுதியில் கூரை போல் புடைத்திருக்கும் பென்டாப்ரிசம் அதைத் திருப்பி நிமிர்த்தி நம் கண்ணுக்குத் தருகிறது. எந்த லென்ஸ் படம் எடுக்கப்போகிறதோ அதே லென்ஸ் வழியாகத்தான் நாமும் பார்க்கிறோம். எங்கள் பக்கத்து ஸ்டுடியோக்களில் அதற்கு முன் புழங்கிய இரட்டை லென்ஸ் கேமராவில் பார்க்க ஒரு லென்ஸ், எடுக்க இன்னொன்று. குனிந்து மேலிருந்து பார்க்க வேண்டும், இடம் வலம் மாறித் தெரியும். கல்யாண மேடையில் மாப்பிள்ளை இடப்பக்கம் நகர்ந்தால் கேமராவில் வலப்பக்கம் நகர்வார். அதில் ஊறியவர்களுக்கு எஸ்.எல்.ஆர். வந்தபோது கழுத்து நிமிர்ந்தது என்று அண்ணன் சொல்வார்.

பென்டாப்ரிசம் வைத்த எஸ்.எல்.ஆர். கேமராவாக ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் செய்யப்பட்ட கான்டாக்ஸ் எஸ் 1949-ல் வந்தது. ஜப்பானின் அசாஹி நிறுவனம் 1954-ல், ஷட்டர் மூடியதுமே கண்ணாடி தானாகக் கீழே இறங்கும் ஏற்பாட்டைத் தன் கேமராவில் கொண்டுவந்தது. அதற்கு முன் பெரும்பாலான கேமராக்களில் ஒரு படம் எடுத்தால் அடுத்ததற்கு லீவரைச் சுற்றும் வரை கண்முன் இருட்டுதான். அதே அசாஹி 1976-ல் கொண்டுவந்ததுதான் கே1000. 1997 வரை செய்தார்கள். முப்பது லட்சத்துக்கு மேல் விற்றது. அமெரிக்கப் பள்ளி, கல்லூரிகளில் புகைப்பட வகுப்பு என்றாலே இந்தக் கேமராதான் என்ற நிலை பல ஆண்டு இருந்தது. காரணம், அதில் எதுவுமே இல்லை. தானாக ஃபோகஸ் செய்யாது. தானாக வேகம் தேர்ந்தெடுக்காது. பொத்தான் அளவு பேட்டரி ஒன்று அடியில் இருக்கும். அது அந்த முள்ளை அசைக்க மட்டும். பேட்டரி செத்தாலும் ஒரு விநாடியிலிருந்து ஆயிரத்தில் ஒரு விநாடி வரை எல்லா வேகமும் ஓடும். முள்ளை அணைக்க சுவிட்ச் கிடையாது. லென்ஸுக்கு மூடி போட்டு இருட்டாக்கி வைத்தால் பேட்டரி தீராது, அவ்வளவுதான். சித்தப்பா மூடியைத் தொலைத்திருந்ததால் எனக்குக் கிடைத்தபோது அதில் செத்த பேட்டரிதான் இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொத்தானை அழுத்தும் கணத்தில் கண்ணாடி மேலே போய்விடுகிறது. வ்யூஃபைண்டர் இருண்டுவிடுகிறது. எந்த நொடி படத்தில் பதிகிறதோ அந்த நொடியை மட்டும் எடுப்பவர் பார்ப்பதில்லை. அதற்கு முந்திய நொடியையும் பிந்திய நொடியையும்தான் பார்க்கிறார். மின்னல் ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில், ஃபிளாஷ் அடித்ததை நீ கேமரா வழியே பார்த்தாயானால் அது படத்தில் இல்லை என்பார் அண்ணன். முதலில் புரியவில்லை. பிறகு ஒரு கல்யாணத்தில் எனக்கே அது நடந்தது.

துவாரம், வேகம் இரண்டும் புத்தகத்தில் படித்தால் குழப்பும். கையில் வைத்துப் பார்த்தால் ஒரு மாலையில் விளங்கிவிடும். அண்ணன் எனக்குக் காட்டியது இப்படி. லென்ஸைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். 50 மி.மீ. லென்ஸ், எஃப் 2. ஐம்பதை இரண்டால் வகுத்தால் 25. துவாரம் 25 மி.மீ. அகலம், அப்போதைய ஒரு ரூபாய் நாணயத்தின் அளவு. வளையத்தைத் திருப்பினார். எஃப் 4-ல் அது பன்னிரண்டரை மி.மீ. எஃப் 11-ல் ஒரு மிளகு அளவுக்குச் சுருங்கியது. எண் பெரிதானால் ஓட்டை சின்னதாவது ஏன் என்று அதுவரை என் மண்டையைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி அங்கேயே தீர்ந்தது. அது வகுக்கும் எண். 2, 2.8, 4, 5.6, 8, 11, 16, 22. ஒவ்வொரு படியும் முந்தியதில் பாதி ஒளி. ஷட்டர் வேகமும் அப்படியே: 60, 125, 250, 500. ஒன்றை ஒரு படி குறைத்து மற்றதை ஒரு படி கூட்டினால் ஃபிலிமுக்குப் போய்ச் சேரும் ஒளி அதேதான். ஆனால் படம் வேறு. தலையில் ஊற்றும் தண்ணீர் ஆயிரத்தில் ஒரு விநாடியில் கண்ணாடி மணிகளாக உதிரும். முப்பதில் ஒரு விநாடியில் வெள்ளை நூலாக இறங்கும்.

எங்கள் வெயிலுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. மேகம் இல்லாத பகலில் துவாரத்தை எஃப் 16-ல் வை. ஃபிலிமின் ஒளியுணர்வைச் சொல்லும் ஐ.எஸ்.ஓ. எண் எதுவோ, அதற்கு நெருக்கமான வேகத்தை வை. நூறு ஐ.எஸ்.ஓ. என்றால் 125. நானூறு என்றால் 500. பேட்டரி இல்லாமலே எடுக்கலாம். பழைய ஆட்கள் முள்ளைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்து வளையத்தைத் திருப்புவார்கள்.

முள்ளுக்கு வருகிறேன்.

மகாமகப் படங்களை அண்ணன் மேசையில் பரப்பி நெடுநேரம் பார்த்தார். திட்டவில்லை. மேசை டிராயரிலிருந்து ஒரு கறுப்பு வெள்ளை ரோலை எடுத்துக் கொடுத்து, மூன்றே மூன்று படம் எடுத்து வரச் சொன்னார். அரசலாற்றங்கரையில் மேயும் எருமை ஒன்று, உடம்பு மட்டும் ஃப்ரேம் முழுக்க நிறையும்படி. சுண்ணாம்பு அடித்த ஒரு வெள்ளைச் சுவர், அதுவும் அப்படியே. பிறகு வெயிலில் நிற்கும் நெற்பயிர். மூன்றிலும் முள்ளை நடுவில் நிறுத்து என்றார். செய்தேன். அன்று ராத்திரியே ஃபிலிமைக் கழுவி, காய்ந்ததும் காண்டாக்ட் பிரிண்ட் போட்டுக் கையில் கொடுத்தார்.

எருமையும் சுவரும் ஒரே நிறம்.

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கறுப்பு எருமை சாம்பலாக வெளுத்திருந்தது. வெள்ளைச் சுவர் சாம்பலாக இருண்டிருந்தது. நடுவில் நெற்பயிர் மட்டும் கண்ணால் பார்த்தது போல் இருந்தது. தோலின் சொரசொரப்பும் சுண்ணாம்பின் தூரிகைத் தடமும் இல்லாவிட்டால் எது எருமை, எது சுவர் என்று சொல்ல முடியாது.

"கேமராவுக்கு வேட்டியும் தெரியாது, எருமையும் தெரியாது. எது முன்னாடி வந்து நின்னாலும் அது சாம்பல் நிறம்னுதான் நினைச்சுக்கும். அப்படி நினைச்சுத்தான் உனக்குக் கணக்கு சொல்லும். அது பொய் சொல்லலை தம்பி. அதுக்கு அவ்வளவுதான் தெரியும்" என்றார்.

தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு நடுச் சாம்பலை வைத்துத்தான் இந்த மீட்டர்களின் கணக்கை விளக்குவது வழக்கம். சராசரியான காட்சிக்கு அது சரியாக வரும். மகாமகக் குளம் சராசரிக் காட்சி இல்லை. தகதகக்கும் தண்ணீர், நூற்றுக்கணக்கில் வெள்ளை வேட்டி, நடுவே நம் முகங்கள். தண்ணீரையும் வேட்டியையும் சாம்பலாக்கப் பார்த்த கேமரா, முகங்களை இன்னும் இரண்டு படி கீழே, இருட்டுக்குள் தள்ளிவிட்டது. நான் அதற்குத் தலையாட்டியிருந்தேன்.

பரிகாரம் சுலபம். வெள்ளையை அளந்தால் முள் சொல்வதைவிட இரண்டு படி திற. எருமையை அளந்தால் இரண்டு படி மூடு. முகம் வேண்டுமானால் கிட்டே போய் முகத்தை மட்டும் அளந்துவிட்டு, பின்னால் வந்து அதே கணக்கில் எடு. கிட்டே போக முடியாத இடத்தில் உன் உள்ளங்கையை அளந்துகொள். முகத்தில் விழும் வெளிச்சம் உள்ளங்கையிலும் விழ வேண்டும், அது முக்கியம். யாராக இருந்தாலும் உள்ளங்கை வெளுப்புதான், சாம்பலைவிட ஒரு படி வெளுப்பு. ஆகவே ஒரு படி திற. அண்ணன் அதைச் சொன்னபோது தன் கையை ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிக் காட்டினார். டெவலப்பர் பட்டுப் பட்டு விரல் நகங்கள் பழுப்பேறியிருந்தன. உள்ளங்கை மட்டும் வெளுப்பாக இருந்தது.

மேற்கத்திய நூல்களில் இந்த விஷயம் விரிவாக இருக்கிறது. அன்செல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டி வகுத்த 'ஜோன்' முறையின் வேரே இதுதான். பின்னால் படித்தேன். ஆடம்ஸுக்குப் பனிமலையும் பாறையும் பிரச்சினை. நமக்கு வேட்டியும் முகமும்.

இதில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு, இன்றும் அது ஆறவில்லை. நம் வீட்டு ஆல்பங்களைப் புரட்டிப் பாருங்கள். பட்டு வேட்டியும் மாலையும் பளிச்சென்று இருக்க, முகம் மட்டும் நிழலாகக் கிடக்கும் படங்கள் எத்தனை! 'கறுப்பா இருந்தா படத்துல விழ மாட்டாங்க' என்று நம் வீட்டுப் பெரியவர்களே சொல்லியிருக்கிறார்கள். அது அந்த முகத்தின் குற்றம் இல்லை. அளக்கத் தெரியாமல் எடுத்தவரின் பிழை. ஃபிலிமும் முழுக்க நிரபராதி என்று சொல்ல மாட்டேன். வண்ண ஃபிலிம்களின் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் பல பத்தாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணின் படம்தான் இருந்தது. ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அந்தத் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று வைத்துக்கொண்டார்கள். லோர்னா ராத் என்ற கனடா ஆய்வாளர் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பழுப்பு நிறங்கள் சரியாக வரவில்லை என்று சாக்லேட் விளம்பரக்காரர்களும் மரச்சாமான் விற்பவர்களும் புகார் செய்ததும் பின்னால் வந்த மாற்றத்துக்கு ஒரு காரணம் என்று அவர் காட்டுகிறார். மனிதர்களின் முகத்துக்காக அந்தப் புகார் போகவில்லை என்பதைப் படித்த அன்று எனக்கு மனசே ஆறவில்லை.

இங்கே அதற்கு நாம் கண்ட வழி டச்சிங். அண்ணன் அதில் கெட்டிக்காரர். ஊசி போல் சீவிய பென்சிலால் நெகடிவ்வில் முகம் இருக்கும் இடத்தில் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போவார். பென்சில் கறை ஒளியைத் தடுக்கும், பிரிண்ட்டில் அந்த இடம் வெளுக்கும். கண்ணுக்குக் கீழ்க் குழி நிரம்பும், கன்னம் வழுவழுக்கும். பெண் பார்க்கக் கொடுக்கும் படமென்றால் "கொஞ்சம் கலரா காட்டுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். நாளெல்லாம் அந்த வேலை செய்தவர் ஒருநாள் என்னிடம் சொன்னார், முகத்துக்கு அளந்து எடுத்த நெகடிவ்வில் தனக்கு வேலையே இருக்காது என்று. கறுப்பு முகத்தை வெளுப்பாக்குவது வேறு, கறுப்பு முகத்தில் இருக்கும் ஒளியைப் பிடிப்பது வேறு. நெற்றியில் ஒரு மினுக்கு, கன்னத்து வளைவில் ஒரு மென்மை, உதட்டோரம் ஒரு நிழல். அதெல்லாம் நெகடிவ்வில் பதிந்தால்தான் உண்டு. பதியாத இடம் நெகடிவ்வில் வெறும் கண்ணாடி, எந்த இருட்டறை மந்திரமும் அதிலிருந்து எதையும் வரவழைக்காது.

'முள்ளும் மலரும்' படத்தைப் போய்ப் பார் என்றும் சொன்னார். 1978-ல் வந்த படம், பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவு. ஷோபாவின் முகத்தில் விழும் வெளிச்சத்தை மட்டும் பார், கதையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நான் அப்படித்தான் பார்த்தேன். இயல்பான வெளிச்சத்தில், மாநிறம் மாநிறமாகவே இருக்க, ஒரு முகம் அவ்வளவு உயிரோடு இருக்க முடியும் என்று அன்று தெரிந்தது.

கறுப்பு வெள்ளையில் தொடங்கியதற்குக் காரணம், அதை நாமே கழுவலாம். வண்ண ஃபிலிமை லேப்பில் கொடுத்தால் இயந்திரமும் தன் பங்குக்கு ஒரு சராசரி போட்டுவிடும். தப்பு நம்முடையதா இயந்திரத்துடையதா என்று தெரியாது. கறுப்பு வெள்ளையில் தப்பு முழுக்க நம்முடையது. கற்றுக்கொள்பவனுக்கு அதுதான் நல்லது.

ஆனால் கும்பகோணத்துச் சித்திரையில் ஃபிலிம் கழுவுவது சாமானியம் இல்லை. டி-76 டெவலப்பரின் காகிதத்தில் 20 டிகிரி என்று போட்டிருக்கும். குழாயைத் திறந்தால் தண்ணீர் 30 டிகிரிக்கு மேல். அந்தச் சூட்டில் ஏழெட்டு நிமிட வேலை மூன்று சொச்சம் நிமிடத்தில் முடிந்துவிடும், ஃபிலிம் முழுக்க ஒரே சீராகக் கழுவாது, படம் முரட்டுத்தனமாக வரும். அதனால் சாயங்காலம் பழரசக் கடையில் ஐஸ் கட்டி வாங்கிவருவது என் வேலை. அகலமான எவர்சில்வர் பேசினில் ஐஸ் தண்ணீர் ஊற்றி, டெவலப்பர், நடுவில் அலச ஒரு சொம்புத் தண்ணீர், ஹைப்போ மூன்றையும் பாட்டிலோடு அதில் இறக்கி வைப்போம். தெர்மாமீட்டர் 20-ஐத் தொட்டதும் வேலை தொடங்கும். ஒன்று குளிராகவும் அடுத்தது சூடாகவும் இருந்தால் ஃபிலிம்மேல் பூசியிருக்கும் ஜெலட்டின் சுருங்கி வலைப்பின்னல் போல் வெடித்துவிடும். ஒருமுறை அவசரத்தில் கடைசிக் கழுவலைக் குழாய்த் தண்ணீரில் செய்துவிட்டேன். படம் முழுக்கப் பல்லித் தோல் மாதிரி ஆகிவிட்டது.

விளக்கை அணைத்துவிட்டு ஃபிலிமை ரீலில் ஏற்றுவதைப் பழைய ரோலை வைத்து நூறு தடவையாவது செய்து பார்த்திருப்பேன். முதலில் கண்ணைத் திறந்துகொண்டு, பிறகு மூடிக்கொண்டு, கடைசியில் இருட்டில். டாங்க் மூடிய பிறகு விளக்கைப் போடலாம். நிமிடத்துக்கு நான்கு தடவை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், அடியில் தட்ட வேண்டும், காற்றுக் குமிழ் ஒட்டாமல் இருக்க. ஹைப்போவில் ஐந்து நிமிடம். ஒளிபடாத வெள்ளி உப்பைக் கரைக்கும் அதன் குணத்தை ஜான் ஹெர்ஷல் 1819-லேயே கண்டுபிடித்துவிட்டார். புகைப்படம் பிறப்பதற்கு இருபது ஆண்டு முன்பு! மூடியைத் திறந்து ஃபிலிமை வெளியே இழுத்து, ட்யூப்லைட்டுக்கு நேரே பிடிக்கும்போது வரும் மணமும் அந்தப் பளபளப்பும் எனக்கு இன்னும் நெஞ்சை அடைக்கும்.

அண்ணனின் இருட்டறை அலமாரியில் 'இந்து' என்று அச்சிட்ட பிரிண்டிங் காகிதப் பெட்டிகள் சில இருந்தன. உதகமண்டலத்தில் 1960-ல் தொடங்கப்பட்டு 1967-லிருந்து உற்பத்தி செய்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தின் சரக்கு. தூசி குறைந்த மலைக்காற்று வேண்டுமென்று அங்கே அமைத்தார்கள். ஃபிலிமும் காகிதமும் எக்ஸ்ரே ஃபிலிமும் நம் மலையிலேயே தயாராயின என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. நஷ்டத்தில் நலிந்து நலிந்து கடைசியில் மூடப்பட்டது. அந்தப் பெட்டிகளை அண்ணன் உபயோகிக்கவில்லை, எறியவும் இல்லை.

அவர் வாய்க்கு வாய் சொன்ன இன்னொரு பெயர் மா. கிருஷ்ணன். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன், காட்டுயிர் எழுத்தாளர், கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்தவர். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கேமரா கட்டி வைத்திருந்தார். யானை என்பது எருமையைவிடப் பெரிய சோதனை. வெயிலில் நிற்கும் யானையின் வயிற்றடி நிழலில்கூடச் சுருக்கங்கள் தெரிகிற படத்தை எடுக்க, முள் காட்டும் கணக்கு போதாது. யானையைத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது கல்லூரிப் பிள்ளைகள் நிறையப் பேர் ஃபிலிம் கேமரா தேடுகிறார்கள். என்னிடமும் கேட்கிறார்கள். எஸ்.எல்.ஆர். ஃபிலிம் கேமராக்களில் நீண்ட நாள் தாக்குப்பிடித்த நிக்கான் எஃப்6-ஐயும் 2020-ல் நிறுத்திவிட்டார்கள். பென்டாக்ஸ் 2024-ல் புதிதாக ஒரு ஃபிலிம் கேமரா கொண்டுவந்தது, ஆனால் அது எஸ்.எல்.ஆர். இல்லை. ஆகவே பழையதுதான் வாங்க வேண்டும். வாங்கும்போது டார்ச் அடித்து லென்ஸுக்குள் பாருங்கள். நம் ஈரக் காற்றில் பூஞ்சை சிலந்தி வலை போல் படர்ந்திருக்கும். வேகத்தை ஒரு விநாடியில் வைத்துக் காதோரம் அழுத்திக் கேளுங்கள், இழுத்துக்கொண்டு போகக் கூடாது. பின்கதவின் ஓரத்தில் இருக்கும் பஞ்சு கையில் பிசுபிசுவென்று ஒட்டினால் மாற்ற வேண்டும், இல்லையென்றால் படத்தில் லைட் அடித்துவிடும். வாங்கிய பிறகு மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். துண்டில் சுற்றி பீரோவில் வைக்காதீர்கள், துணி ஈரத்தை உறிஞ்சி லென்ஸுக்கே கொடுக்கும். சித்தப்பாவின் லென்ஸில் ஓரமாக ஒரு பூஞ்சை இன்றும் இருக்கிறது. முதல் ரோலைத் தயவுசெய்து உங்களுக்கு வேண்டியவர்கள் விசேஷத்துக்குக் கொண்டு போகாதீர்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, எதிர்வீட்டுச் சுவரில் தொடங்குங்கள். ஒவ்வொரு படத்துக்கும் துவாரம், வேகம், எதை அளந்தீர்கள் என்று சின்ன நோட்டில் எழுதுங்கள். நெகடிவ் வந்ததும் நோட்டோடு வைத்துப் பாருங்கள்.

2016 பிப்ரவரி 22. மறுபடி மகாமகம். அதே கேமரா, மூன்று ரோல் கறுப்பு வெள்ளை, ஐ.எஸ்.ஓ. 400. ஸ்டுடியோவை மூடி அண்ணனுக்கு ஏழெட்டு ஆண்டு ஆகியிருந்தது. டிஜிட்டலுக்கு மாற அவர் மறுக்கவில்லை, கண் மறுத்துவிட்டது. காலையில் அவர் வீட்டுக்குப் போய், கையைப் பிடித்துக் குளத்துக்கு அழைத்து வந்தேன். மண்டப நிழலில் நின்று லீவரை இழுத்தபோது அவர் கண் என் முகத்தில் இல்லை. குமிழ் சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

முங்கி எழுந்து படியேறி வந்தார். வெள்ளை வேட்டி உடம்போடு ஒட்டியிருந்தது, நெற்றியில் நீர் வழிந்தது, பின்னால் குளம் முழுக்கத் தகதகப்பு. நான் கேமராவைத் தூக்கினேன். நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே வலக் கையைத் தூக்கி, உள்ளங்கையை என் பக்கம் திருப்பி, முகத்துக்கு முன்னால் பிடித்தார். கிட்டே போய் அளந்தேன். இருநூற்றைம்பதில் எஃப் 11 காட்டியது. எஃப் 8-க்குத் திறந்தேன். கையை இறக்கினார். அழுத்தினேன். ஒரு கணம் இருட்டு.

அன்று ராத்திரி என் வீட்டுக் குளியலறையில், ஐஸ் தண்ணீர் பேசினில், மூன்று ரோலையும் கழுவினேன். நான்கு நாள் கழித்துப் பத்துக்குப் பன்னிரண்டு அளவில் அந்தப் படத்தை பிரிண்ட் போட்டு எடுத்துப் போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வாசல் வெளிச்சத்துக்கு வந்து, படத்தை மூக்குக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். வேட்டியைப் பார்த்தார். கண்ணுக்குக் கீழ்க் குழியைப் பார்த்தார், அங்கே கட்டைவிரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

"டச்சிங்குக்கு இதுல வேலையே இல்ல தம்பி" என்றார்.

படத்தை மடியில் வைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

"நெகடிவ் கொண்டு வந்திருக்கியா?"